கண்ணுக்கு விலை – 17: வான்கூவருக்கு வந்த காசோலை

போன வாரம் டபுள்கிளிக் என்ற விளம்பர நிறுவனத்தின் கதையில் நிறுத்தினோம். பேனருக்குக் கணக்கு வந்ததும், கணக்குக்கு நடுவில் ஆள் வந்ததும் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் இரண்டு விஷயம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். டேட்டிங் நிறுவனங்கள் தங்கள் விளம்பரத்துக்கு நெட்வொர்க்கை, அதாவது விளம்பரத்தைப் பல தளங்களில் கொண்டுபோய் ஒட்டும் இடைத்தரகரை, எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்பது ஒன்று. அந்த நெட்வொர்க்குகள் பதிலுக்கு அங்கிருந்து எதை எடுத்துப்போகின்றன என்பது மற்றொன்று. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு கனடாக்காரரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்து விடிந்துவிட்டது. புதன் மாலைக்குள் பக்கம் போயாக வேண்டும். இரண்டும் இந்த வாரத்துக்குள் அடங்குமா, பார்ப்போம்.

முதலில் கோயம்புத்தூர். நண்பரின் மகன் அங்கே ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். வெளிநாட்டில் ஓடும் ஒரு டேட்டிங் ஆப்புக்கு விளம்பர இடம் வாங்கித் தருவது அவன் பொறுப்பு. போன மாதம் வீட்டுக்கு வந்தவன் காபியைக்கூடத் தொடாமல் லேப்டாப்பைத் திறந்து என் முன்னால் வைத்தான்.

“இதப் பாருங்க மாமா. ஒரே ராத்திரியில முந்நூறு பேருக்கு மேல சேர்ந்திருக்காங்க.”

“நல்ல விஷயம்தானே?”

“பொறந்த தேதியப் பாருங்க.”

பார்த்தேன். ஜனவரி 1. அடுத்த வரியிலும் ஜனவரி 1. வருஷம் மட்டும் மாறிக்கொண்டே போனது. தேதி மாறவே இல்லை. சேர்ந்த நேரம் எல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில், ஒருவர் பின்னால் ஒருவராக, ரேஷன் கடை வரிசை போல. கடைசிப் பத்தியில் ‘மறுபடி திறந்தது’ என்று ஒரு கட்டம். மேலிருந்து கீழ் வரை பூஜ்யம்.

“பில் வந்துடுச்சா?”

“காலையிலயே வந்துடுச்சுங்க மாமா. ஒரு பதிவுக்கு இவ்வளவுன்னு ஒப்பந்தம். மெயிலை உறுதி பண்ணிட்டா காசு கொடுத்தே ஆகணும். முந்நூறு பேரும் உறுதி பண்ணியிருக்காங்க. அதான் வயித்தக் கலக்குது.”

இந்தத் தொடரின் முதல் வாரத்திலிருந்து நான் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்றுதான்: காசு எந்த நொடியில் கைமாறுகிறது? மற்ற தொழில்களில் அதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கதை புரியும். டேட்டிங்கில் முழுக் கதையும் அந்த நொடிக்குள்தான் இருக்கிறது.

இங்கே காசு கைமாற நான்கு இடங்கள் உண்டு. விளம்பரம் ஆயிரம் தடவை கண்ணில் பட்டால் இவ்வளவு. ஒருவர் அதன்மேல் க்ளிக் செய்தால் இவ்வளவு. க்ளிக் செய்தவர் பெயர் கொடுத்துச் சேர்ந்தால் இவ்வளவு. சேர்ந்தவர் சந்தா கட்டினால் இவ்வளவு. மூன்றாவதிலும் இரண்டு வகை: படிவம் நிரப்பினாலே காசு என்பது சிங்கிள் ஆப்ட்-இன், மெயிலில் வரும் இணைப்பைத் தட்டி உறுதி செய்தால்தான் காசு என்பது டபுள் ஆப்ட்-இன். ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை என்று பேசுவதும் இந்தத் தொழிலில் சகஜம். முதல் இரண்டில் நஷ்டம் வந்தால் அது விளம்பரம் கொடுத்தவர் தலையில். கடைசி இரண்டில் நெட்வொர்க்கின் தலையில். ஆகவே டேட்டிங் நிறுவனங்கள் பலவும் மூன்றாவதைப் பாதுகாப்பு என்று நினைத்துப் பிடித்துக்கொள்கின்றன. கோயம்புத்தூர்ப் பையனின் நிறுவனமும் அப்படித்தான் நினைத்தது.

எங்கள் ஊரில் ஒரு கல்யாணத் தரகர் இருந்தார். ஜாதக நகலுக்குக் காசு வாங்க மாட்டார். வந்துபோகிற பஸ் செலவு மட்டும். நிச்சயதார்த்தம் முடிந்த பிறகுதான் அவருக்குத் தாம்பாளத்தில் வேட்டியும் பணமும். அவர் வருஷத்துக்குக் கொண்டுவரும் வரன்கள் கைவிரலுக்குள் அடங்கும். ஆனால் பையன் எங்கே வேலை பார்க்கிறான், குடிப்பானா, அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று எல்லாம் நேரில் போய் விசாரித்திருப்பார். பக்கத்து டவுனில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு அலுவலகம் வந்தது. அங்கே ஒரு ஜாதகத்துக்கு இவ்வளவு என்று விலை. என் பெரியம்மா கட்டாக வாங்கி வந்தார். பிரித்து ஒவ்வொரு வீடாக விசாரித்தால், பாதிப் பேருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிக் குழந்தையும் இருந்தது. ஜாதகத்துக்குக் காசு கொடுத்தார், ஜாதகம் கிடைத்தது.

இப்போது கனடாக்காரர். மார்கஸ் ஃப்ரிண்ட். பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கே ஹட்சன்ஸ் ஹோப் என்கிற சின்ன ஊரில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். வான்கூவரில் புரோகிராமர் வேலை. 2003-ல் ஏஎஸ்பி டாட் நெட் என்கிற புது நிரல் கருவியைக் கற்றுக்கொண்டால் அடுத்த வேலைக்கு உதவும் என்று, பயிற்சிக்காக ஒரு டேட்டிங் தளம் கட்டினார். பிடித்த காலம் இரண்டு வாரம். பெயர் ‘பிளென்ட்டி ஆஃப் ஃபிஷ்’. கட்டணம் கிடையாது. அதே 2003-ல் கூகுள் ஆட்சென்ஸைத் திறந்தது. யார் வேண்டுமானாலும் தன் தளத்தில் இடம் விடலாம், விளம்பரத்தை கூகுள் கொண்டுவந்து ஒட்டும், க்ளிக்குக்குக் காசு. ஃப்ரிண்ட் இடம் விட்டார்.

அலுவலகம் இல்லை, ஊழியர் இல்லை. தன் அபார்ட்மென்ட்டில் உட்கார்ந்து தனியாளாகப் பல வருடம் அந்தத் தளத்தை ஓட்டினார். 2006-ல் ஒரு நாள், கூகுளிடமிருந்து வந்த காசோலையைப் படம் பிடித்து இணையத்தில் போட்டார். இரண்டு மாத விளம்பர வருமானம்: 9 லட்சம் கனடா டாலருக்கு மேல். பார்த்தவர்கள் போலி என்றார்கள், ஃபோட்டோஷாப் வேலை என்றார்கள். காசோலை உண்மையானதுதான்.

சரி, அந்தக் காசு யாருடையது? இதைப் படித்த இடத்தில்தான் நான் எழுந்து நடக்க ஆரம்பித்தேன். பிளென்ட்டி ஆஃப் ஃபிஷ்ஷில் வந்த விளம்பரங்களில் பெரும் பங்கு மற்ற டேட்டிங் தளங்களுடையது. சந்தா வாங்கும் தளங்கள். போட்டியாளரின் கடைக்குள்ளேயே தங்கள் பலகையை மாட்ட அவர்கள் காசு கொடுத்தார்கள். ஏன் என்று யோசித்தால் புரியும். ஒரு டேட்டிங் சேவைக்கு நல்ல வாடிக்கையாளர் யார்? தனியாக இருப்பவர், துணை தேடுபவர், அதைக் கம்ப்யூட்டரில் தேடக் கூச்சப்படாதவர், இதுவரை கிடைக்காதவர். இந்த நான்கு குணமும் ஒரே இடத்தில் கூடியிருப்பது இன்னொரு டேட்டிங் தளத்தில்தான். இலவசத் தளத்தில் பத்துக் கடிதம் எழுதிப் பதில் வராமல் உட்கார்ந்திருப்பவர் கண்ணில், பக்கத்துக் கட்டத்தில் ‘இங்கே வாருங்கள்’ என்று ஒரு வரி தெரிகிறது. அவர் க்ளிக் செய்கிறார். ஃப்ரிண்டுக்குக் காசு.

இதன் பொருளை நிதானமாகப் பாருங்கள். தளம் நன்றாக வேலை செய்து இருவர் ஜோடி சேர்ந்தால், இருவரும் கிளம்பிவிடுவார்கள்; வருமானம் நிற்கும். பதில் வராதவர் தங்குவார், சுற்றுவார், க்ளிக் செய்வார்.

அந்தத் தளத்தில் முகப்படங்கள் நசுங்கித் தெரியும். செவ்வகப் படத்தைச் சதுரத்துக்குள் திணித்தால் முகம் எப்படி ஆகும்? கன்னம் உப்பியோ, தாடை நீண்டோ, தேடல் பட்டியல் முழுக்க அப்படித்தான். சரிசெய்வது ஒரு புரோகிராமருக்குப் பெரிய வேலை இல்லை. ஃப்ரிண்ட் சரிசெய்யவில்லை. முகம் சரியாகத் தெரியாததால் ஜனங்கள் உள்ளே போய்ப் பெரிய படத்தைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் கூடுதலாகத் திறந்தது. ஒரு பக்கம் கூடினால் ஒரு விளம்பரம் கூடும். தன்னை அழகாகக் காட்டவேண்டும் என்று நல்ல சட்டை போட்டு, வெளிச்சம் பார்த்து எடுத்துப் போட்ட படம் ஒவ்வொன்றும் அங்கே நசுங்கியே கிடந்தது. ஃப்ரிண்ட் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. இலவசமாக லட்சக்கணக்கானவர்களுக்குக் கதவு திறந்து வைத்தவர். பார்வைக்கும் க்ளிக்குக்கும் காசு என்று ஒரு தளம் நிற்கும்போது, கோணலான முகத்துக்கும் ஒரு வருமானம் பிறந்துவிடுகிறது என்பதுதான் என்னை உலுக்கியது.

இன்னொன்றையும் சொல்லாமல் இவரை விட மனசில்லை. பகா எண்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2, 3, 5, 7 என்று ஒன்றாலும் தன்னாலும் தவிர வகுபடாத எண்கள். அவற்றில் சம இடைவெளியில் வரிசையாக வருபவை உண்டு: 5, 11, 17, 23, 29. ஆறு ஆறாகக் கூடி ஐந்து பகா எண்கள். இப்படி எவ்வளவு நீளமாகக் கண்டுபிடிக்க முடியும் என்பது கணக்குப் பிரியர்களின் வேட்டை. 2004-ல் 23 எண்கள் கொண்ட வரிசை ஒன்று கிடைத்தது. 56211383760397-ல் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் 44546738095860-ஐக் கூட்டிக்கொண்டே போனால், 23 எண்களும் பகா எண்கள். கண்டுபிடித்தவர்கள் மூவர்: பால் ஜோப்லிங், பால் அண்டர்வுட், மார்கஸ் ஃப்ரிண்ட். அதே ஃப்ரிண்ட்தான். டேட்டிங் தளம் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே செய்த வேலை. அதே 2004-ல் பென் கிரீனும் டெரன்ஸ் டாவும், பகா எண்களில் இத்தகைய வரிசைகள் எவ்வளவு நீளத்துக்கு வேண்டுமானாலும் உண்டு என்று நிரூபித்த புகழ்பெற்ற கட்டுரையில் இந்த 23 எண் வரிசையைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். பதினான்கு இலக்க எண்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதி, மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். விளம்பரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். ஒரே மனிதர் என்பதைத் தவிர எதுவும் இல்லை. ஆனாலும் இது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது.

2015-ல் பிளென்ட்டி ஆஃப் ஃபிஷ்ஷை மேட்ச் குழுமம் 57.5 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. சந்தா வாங்கும் டேட்டிங் தளங்களின் பெரிய வீடு அது.

மறுபடி பதிவுக்குக் காசு என்கிற ஒப்பந்தத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கெடுதல் அதிகம் நடப்பது அங்கேதான். நெட்வொர்க் என்று நாம் சொல்வது ஒரு நிறுவனம் மட்டும் இல்லை. அதன் கீழே அஃபிலியேட் என்று அழைக்கப்படும் ஆயிரக்கணக்கான தனி ஆட்கள் இருப்பார்கள். எந்தப் படம், எந்த வாசகம், எந்தத் தளம் என்பதையெல்லாம் முடிவு செய்வது பல நேரங்களில் அவர்கள்தான். டேட்டிங் நிறுவனத்துக்கு அவர்கள் முகம்கூடத் தெரியாது.

2013 செப்டம்பரில் ஃபேஸ்புக்கில் ஒரு டேட்டிங் விளம்பரம் ஓடியது. கனடாவில் துணை தேடுங்கள் என்ற அழைப்பு, பக்கத்தில் ஒரு பெண்ணின் படம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் அந்த வருஷம் ஏப்ரலில்தான் இறந்துபோன 17 வயதுப் பெண்ணின் படம் அது. இணையத் துன்புறுத்தலால் தற்கொலைக்கு முயன்று, மருத்துவமனையில் உயிர் போனவள். நாட்டையே அழவைத்த முகம். பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள், செய்தியைப் பார்க்கிறார்கள். விளம்பரக்காரர் சொன்ன பதில்: மென்பொருள் ஒன்று இணையத்திலிருந்து படங்களைத் தானாக அள்ளிப் போட்டது, யாருடைய படம் என்று தனக்குத் தெரியாது. ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டு அந்த விளம்பரக்காரரை விலக்கியது. ஒரு பெண் முகம் வேண்டும், அது யாராக இருந்தாலும் சரி என்று ஒரு தொழில் இருந்ததை அந்தப் பெற்றோர் தங்கள் மகள் படத்தின் வழியாகத் தெரிந்துகொள்ள நேர்ந்தது. இதை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை.

இன்று ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவில் டேட்டிங் விளம்பரம் போட எழுத்து மூலம் முன் அனுமதி வேண்டும். 18 வயதுக்குக் கீழே காட்டக் கூடாது. கூகுளிலும் முன்சான்று வாங்க வேண்டும். கெடுபிடி அதிகம் என்று தொழிலில் இருப்பவர்கள் குறைப்படுகிறார்கள். இருக்கட்டும். அனுமதி கேட்காத நெட்வொர்க்குகளை நோக்கி ஒதுங்குகிறவர்களைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

சந்தாவுக்குக் காசு என்றால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. பொய் அப்போது தளத்துக்கு உள்ளே குடிபோகும். 2014 அக்டோபரில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், ஜேடிஐ டேட்டிங் என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. 18 டேட்டிங் தளங்கள் நடத்திய நிறுவனம். புதிதாக ஒருவர் சேர்ந்ததும் அவர்மேல் ஆசை காட்டிச் செய்திகள் வரும். திறந்து பதில் எழுத வேண்டுமென்றால் சந்தா கட்ட வேண்டும். அனுப்பியது ஆள் இல்லை, நிறுவனமே உருவாக்கி வைத்த பொய் உருவங்கள். ‘விர்ச்சுவல் கியூபிட்’ என்று அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். 6,16,165 டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

நெட்வொர்க்கே இல்லாமல் வளர்ந்தவர்களும் உண்டு. 2012-ல் டிண்டர் என்ற டேட்டிங் ஆப் பிறந்தபோது, அதன் தொடக்கக் குழுவில் இருந்த விட்னி வுல்ஃப் அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் சங்க விடுதிகளுக்கு நேரில் போனார். அங்கிருந்த பெண்களை முதலில் ஆப்பைப் போடச் சொன்னார். பிறகு பக்கத்து ஆண்கள் விடுதிக்குப் போனார். பையன்கள் திறந்தால் தங்களுக்குத் தெரிந்த முகங்களே வந்தன. பெண்கள் வராத டேட்டிங் தளத்துக்கு எந்த விளம்பரமும் உதவாது என்பதை இவர் ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டிருந்தார். பின்னால் 2014-ல் பம்பிள் என்ற டேட்டிங் ஆப்பைத் தொடங்கியபோதும், முதல் வார்த்தையைப் பெண்தான் எழுத வேண்டும் என்று விதி வைத்தார்.

தேடல் விளம்பரம் தனி ரகம். தேவையைத் தானே தட்டச்சு செய்கிறவர் முன்னால் போய் நிற்பது. அதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. டேட்டிங் இல்லை, அதன் பங்காளி மேட்ரிமோனி. பாரத் மேட்ரிமோனியை நடத்திய கன்சிம் இன்ஃபோ நிறுவனம், தன் பெயர்களைத் தேடுகிறவர்களுக்குப் போட்டியாளர்களின் விளம்பரம் காட்டப்படுகிறது என்று கூகுள் மீதும் போட்டி நிறுவனங்கள் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2010 செப்டம்பர் 30-ல் நீதிபதி வி.ராமசுப்பிரமணியன் உத்தரவிட்டார். ‘தமிழ்’, ‘மேட்ரிமோனி’ போன்றவை சேவையை விவரிக்கும் சொற்கள், ஒருவர் மட்டும் அவற்றைப் பூட்டி வைத்துக்கொள்ள முடியாது என்பது அவர் பார்வை. இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. நம் ஊர் வரன் தேடும் சொற்களுக்கு ஏலம் உண்டு என்பதை நீதிமன்றத் தாள்களிலேயே பதிவு செய்த வழக்கு. இதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும்.

கோயம்புத்தூர்ப் பையனிடம் நான் சொன்னதை இங்கே வைத்துவிடுகிறேன். விளம்பரம் எந்தெந்தத் தளத்தில் வருகிறது என்ற முழுப் பட்டியலைக் கேள். கொடுக்காத நெட்வொர்க்கை விட்டுவிடு. படத்தையும் வாசகத்தையும் நீயே கொடு; அஃபிலியேட் கையில் விடாதே. சேர்ந்ததற்குக் காசு கொடுக்காதே. சேர்ந்து முப்பது நாள் கழித்தும் திறந்துகொண்டிருப்பவருக்கு மட்டும் கொடு.

போன ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்தான்.

“கேட்டேங்க மாமா. அப்படின்னா தலைக்கு மூணு மடங்கு விலை சொல்றாங்க.”

“கொடுத்துடு. வர்றவங்களுக்குத் தலையாவது இருக்கும்.”

நெட்வொர்க்குகள் டேட்டிங் ஆப்புகளிலிருந்து எதை எடுத்துப்போகின்றன என்பதற்கு இந்த வாரம் இடம் இல்லை. அதை நார்வேயிலிருந்து தொடங்க வேண்டும். தன்பாலீர்ப்பாளர்களுக்கான கிரைண்டர் ஆப் தன் பயனாளிகளின் இருப்பிடத்தையும், அவர்கள் கிரைண்டரில் இருக்கிறார்கள் என்ற தகவலையும் விளம்பர நெட்வொர்க்குகளுக்குக் கொடுத்ததற்காக, 2021 டிசம்பரில் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 6.5 கோடி குரோனர் அபராதம் விதித்தது. அடுத்த வாரம் அங்கேதான்.

அதற்குள் ஒரு வேண்டுகோள். டேட்டிங் ஆப்பிலோ வரன் தேடும் தளத்திலோ, சந்தா கட்டும்வரை செய்திகள் குவிந்து, கட்டிய மறுநாள் எல்லாம் நின்றுபோன அனுபவம் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள். உங்கள் பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். எந்த விளம்பரத்தைப் பார்த்து உள்ளே போனீர்கள், சந்தா கட்டியது என்றைக்கு, கடைசிச் செய்தி வந்தது என்றைக்கு: இந்த மூன்று விவரம் போதும்.